தண்ணீர்க் கழிவு

புயலில் தகரக் கூரை போனது.
இரண்டு மாதம் கழித்துப் பாஸ்டரும் போனார்,
பரமக்குடிப் பக்கம், பெரிய சபைக்கு.
ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் விட்டுப் போனார்.
அதில் என் பெயர் எழுதியிருந்தது.

பாம்பன் தெற்குவாடியில்
கித்தேரியின் ஐஸ் ஷெட்டில் இப்போது கூடுகிறோம்.
பதினோரு பேர். கைக்குழந்தையைச் சேர்த்தால் பன்னிரண்டு.
மேடை கிடையாது. மைக் கிடையாது.
கவிழ்த்த மீன்கூடைகளில் வட்டமாய் உட்கார்ந்தால்
எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரிகிறது.
எனக்கு இதுதான் கஷ்டம்.

இருபது வருடம் ஐந்தாவது வரிசையில்
மின்விசிறிக்குக் கீழே இருந்தவன் நான்.
பார்த்ததெல்லாம் முதுகுகள்.
எனக்காக ஒருவர் வேதம் படித்தார்,
எனக்காக அழுதார்,
என் பாவத்தைப் பொதுவாகச் சொல்லிப்
பொதுவாக மன்னிப்பும் வாங்கித் தந்தார்.
ஆமென் சொல்வதற்கு மேல் எனக்கு வேலை இருந்ததில்லை.

ஷெட்டில் முதல் ஞாயிறு யாரும் வாய் திறக்கவில்லை.
ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம்.
கச்சான் காற்றில் வத்தைகள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம்.
பிறகு வியாகுலம்,
கையெழுத்துப் போடவே திணறுகிறவர், எழுந்தார்.
"மூணு நாளா மோட்டார் ஓடல.
நேத்து ஓடுச்சு. அவ்வளவுதான்"
என்று உட்கார்ந்துவிட்டார்.
அடுத்து சிலுவைமணியின் மனைவி
ஒரு பாட்டை இரண்டாம் அடியில் தொடங்கினாள்,
முதல் அடி மறந்துவிட்டதாம்.
நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

எனக்கு வேலை நண்டுக் கம்பெனியில், தராசில்.
ஈர நண்டு. கிலோவுக்கு நூறு கிராம் தண்ணீர்க் கழிவு
என்பது ஊரறிந்த கணக்கு.
கம்பெனி சொன்னது ஐம்பதுதான்.
மற்ற ஐம்பது
என் மச்சான் பெயரில் ரசீதாகும்.
அதிலும் பத்தில் ஒன்றைத் தவறாமல்
காணிக்கைப் பையில் போட்டிருக்கிறேன்.
ஸ்பீக்கர் பெட்டி அப்படி வந்ததுதான்.

ஆறாம் ஞாயிறு அப்பம் என் முறை.
மனைவி கோதுமை ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றித் தந்தாள்.
கொண்டுவந்தவனே பிட்டு
ஒவ்வொருவர் கையிலும் வைக்க வேண்டும்.
கித்தேரியின் கை, ஐஸில் வெடித்த விரல்கள்.
வியாகுலத்தின் கை, நரம்பு வலை அறுத்த தழும்பு.
இந்தக் கைகளிலிருந்து வாங்கித்தான்
காலை நாலரைக்குத் தராசில் வைக்கிறேன்,
முகம் பார்க்காமல்.
அவர் நீட்டியபடி காத்திருந்தார்.
துண்டின் எடை எனக்குத் தெரிந்தது. பத்துக் கிராம் இருக்கும்.

"கழிவு நூறு இல்ல" என்றேன். "அம்பதுதான்."

யாரும் மன்னிக்கவில்லை. திட்டவுமில்லை.
பாஸ்டர் இருந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.
நானும் அழுது முடித்துச் சாப்பிடப் போயிருப்பேன்.
"எத்தன வருஷம்?" என்றாள் கித்தேரி.
"ஏழு."
"நோட்டு இருக்கா?"
"இருக்கு."
"அப்ப கணக்குப் பாரு."
வியாகுலம் ரொட்டியை வாங்கிக்கொண்டார்.
மெல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

ஸ்பீக்கர் பெட்டி போன வியாழன் விலைபோனது.
நாலு பேர் கணக்கு தீர்ந்தது. நாற்பது பேர் பாக்கி.
ஒருவன் வாங்க மறுத்துக் காறித் துப்பினான்.
அதையும் நோட்டில் எழுதி வைத்தேன், தேதியோடு.

கம்பெனியின் ஐம்பதை இன்னும் நான்தான் கழிக்கிறேன்.
அதற்கு என்ன செய்ய என்று வட்டத்தில் கேட்டேன்.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இன்று விடியலில் ஒரு பையன்
சீட்டை வாங்கிப் போனவன் திரும்பி வந்தான்.
"கூட விழுந்திருக்கே.
மிஷின் ரிப்பேரா அண்ணே?"

ஆமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லடா" என்றேன்.
"முன்னாடிதான் ரிப்பேர்."